முதல் பெட்டிக்கு வைத்த பொட்டு

என் உயிர் மச்சான் சூசைக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. ஒவ்வொரு வரியும் இடப்பக்கத்தில் நேராகத்தான் தொடங்குகிறது. பாதி தூரம் போனதும் நோணாங்குப்பத்துப் படகு மாதிரி ஏறி இறங்கி ஆடுகிறது. ஒரு எழுத்து யானை மாதிரி, பக்கத்து எழுத்து எறும்பு மாதிரி. அறுபத்தாறு வயதில் பேனா பிடித்த கை இது, பொறுத்துக்கொள்.

ஆமாம் மச்சான், நானேதான் எழுதுகிறேன். யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. நம்ப மாட்டாய் என்று தெரியும். பேனா மூடியைத் திறக்கும்போது எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

நீ போன மறுமாதம் உன் மகன் பிலிப்பு பிரான்சிலிருந்து எனக்கு ஒரு கடிதம் போட்டான். அதுவரை எனக்கு வந்த எல்லாவற்றையும் நீதான் படித்துச் சொல்வாய். அன்றைக்கு நீ இல்லை. தபால்காரர் தெருவில் நின்று உரக்கப் படித்தார். என் மூட்டுவலி, நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரி ராஜத்தின் கோபம், மருமகன் மில்லில் வேலை இழந்தது எல்லாம் முத்தியால்பேட்டை முழுக்கத் தெரிந்துபோனது. அன்றைக்கே முடிவு செய்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு நடக்கும் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது பஸ் ஸ்டாண்டில் பலகையைப் படித்துத்தான் பஸ் ஏறுகிறேன். என்ன, நான் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. அடுத்த பஸ்ஸையும் படிக்கிறேன். அதுவும் ஒரு சந்தோஷம்தானே?

யாருக்காவது ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வரவேண்டும், வகுப்புச் சுவரில் எல்லோரும் படிக்க ஒட்டுவேன் என்றார் டீச்சர். ஒருவர் மகனுக்கு எழுதினார். ஒருவர் தண்ணீர்க் குழாய்க்காக நகராட்சிக்கு எழுதினார். நான் உன் பெயரைச் சொன்னேன்.

"அவரு எந்த ஊர்ல இருக்காரு பெரியவரே?" என்று கேட்டார் டீச்சர்.

"உப்பளம் கல்லறையில."

டீச்சர் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார். அப்புறம், "அப்ப ஸ்டாம்பு செலவு மிச்சம். எழுதுங்க" என்றார்.

அதனால் நம் இரண்டு பேர் கதையை நாலு பேர் சுவரில் படிப்பார்கள். உனக்கு வருத்தம் இல்லையே? உனக்கு எப்போதும் நாலு பேர் கேட்கப் பேசத்தான் பிடிக்கும்.

சொல்ல வந்த செய்தி பெரியது. நாம் சண்டை போட்ட இடத்திலிருந்து தொடங்கினால்தான் உனக்குப் புரியும்.

நம் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போய் எட்டு வருஷம் கழித்து ஒரு ஆறு மாதம் கெடு கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பிரான்சு நாட்டுப் பிரஜையாக இருக்க விரும்புகிறவர்கள் வந்து எழுதிக் கொடுக்கலாம் என்று. முதல் வாரமே நீ போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி மில்லுக்கு வந்து என் பக்கத்துத் தறியில் நின்றாய்.

"இன்னாடா இது? இந்த ஊர்லயே பொறந்து, இந்த ஊர்க் கெணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு, பிரான்சுக்காரன்னு எழுதிக் குடுத்துட்டு வர்ற?" என்று கேட்டேன்.

"எங்கப்பன் அவங்க பட்டாளத்துல சொல்தா. ஒரு காலை அங்க சண்டையில வுட்டுட்டு வந்தான். அந்தக் காலு அந்த மண்ணுலதான்டா பொதைஞ்சிருக்குது. அதுக்காவது ஒரு நாடு வேணாமா?"

"உன் காலு ரெண்டும் எங்க இருக்குது?"

அதோடு பேச்சு நின்றது. இரண்டு மாதம். தறிக்கூடத்துச் சத்தத்தில் எப்போதும் கையால்தான் பேசிக்கொள்வோம். சண்டையையும் கையாலேயே போட்டோம். நீ கதர்த் தொப்பி மாட்டுவது போலக் காட்டி என்னைச் சீண்டுவாய். நான் நொண்டிக் காட்டுவேன். அது தப்பு மச்சான். உன் அப்பாவின் காலை வைத்து நொண்டிக் காட்டியதற்கு நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது எழுத்தில் கேட்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் கப்பலுக்குப் போகிற முதல் துணிப் பேலுக்குத் தறிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் போய்ப் பொட்டு வைப்பது நம் மில் வழக்கம். அந்த வருஷம் மேஸ்திரி வேண்டுமென்றே நம் இரண்டு பேரையும் அனுப்பினார். நீ மாதா கோயிலுக்குப் போகிறவன், ஆனாலும் சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாய். நீ சந்தனம் வைக்க, அதன் நடுவில் நான் குங்குமம் வைத்தேன். நாலு மூலைக்கும் நாலு பொட்டு. நாலாவது பொட்டு முடிந்ததும் நீதான் முதலில் வாயைத் திறந்தாய்.

"ஏன் மச்சான், இந்தப் பேலு எந்த நாட்டைச் சேர்ந்தது? பஞ்சு எங்கயோ வெளைஞ்சது. தறி இங்கிலீசுக்காரன் செஞ்சது. ஒரு பிரான்சுக்காரனும் ஒரு இந்தியாக்காரனும் சேந்து நெய்ஞ்சது. கட்டப்போறவன் ஆப்பிரிக்காவுல கீறான். இதுக்கு யாரு எழுதிக் குடுக்கிறது?"

நான் சிரித்துவிட்டேன். சண்டை தீர்ந்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, வருஷம் தவறாமல் அந்தப் பொட்டு நம் பங்கு ஆனது. உன் கேள்வி மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அந்தக் கேள்வி போன வருஷம் வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வாட்ச்மேன் வேலைக்குப் போவது உனக்குத் தெரியும். முத்தியால்பேட்டையில் தையல்கடை வைத்திருந்த தாமோதரன், நாற்பது பெண்களை வைத்துச் சட்டை தைக்கும் கம்பெனி அது. கேட்டைத் திறப்பேன், மூடுவேன். அட்டைப் பெட்டி கட்டுகிற நாளில் கயிறு போடுவேன். என் மகள் செல்வி அங்கேதான் காலர் தைக்கிறாள். மருமகனுக்கு மில்லில் வேலை போனபிறகு அவள் கொண்டுவரும் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

கம்பெனி தொடங்கியபோது உள்ளூர்க் கடைகளுக்குத்தான் தைத்தார்கள். இரண்டு வருஷம் முன்பு உன் பிலிப்பு வந்தான். பிரான்சில் அவன் வேலை செய்யும் சட்டைத் தொழிற்சாலையின் பத்ரோனைக் கூடவே அழைத்து வந்தான். வெள்ளைக்கார முதலாளி எங்கள் தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து வழிந்துகொண்டு நடந்தார். செல்வியின் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் தைத்த காலரை எடுத்து உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். முனையை விரலால் குத்திப் பார்த்தார். "பியன்" என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் செல்வி.

"நல்லாருக்குதாம்," என்றான் பிலிப்பு. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஏன் என்று சாயங்காலம் டீக்கடையில்தான் சொன்னான். "மாமா, இந்த ஆர்டர் இங்க வந்துச்சுன்னா அங்க எங்க தையல் மெஷினெல்லாம் நின்னுடும். எங்கூட வேலை செய்யற பொம்பளைங்க அம்பது பேரு. நான் அங்க போன புதுசுல எனக்குக் குளிருக்குக் கோட்டு குடுத்தவங்க. இவரு எப்படியும் எங்கனா வெளிநாட்டுக்குப் போகத்தான் போறாரு. அது நம்ம ஊரா இருக்கட்டுமேன்னு இட்டாந்துட்டேன். செஞ்சது தப்பா மாமா?"

நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன். ஆறிப்போன டீயையும் ஆற்றினேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஆர்டர் வந்தது மச்சான். எங்களுக்குக் கொண்டாட்டம். வெள்ளைச் சட்டை, முழுக்கை. துணி கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்தது. பொத்தான் ஜப்பானிலிருந்து. காலருக்குள் தைக்கிற லேபிள் பிரான்சிலிருந்து பார்சலில் வந்து, சட்டையில் ஏறி, திரும்பவும் பிரான்சுக்கே போனது. அந்தத் துண்டுத் துணி என்னைவிட அதிகம் ஊர் பார்த்துவிட்டது.

இத்தனை சட்டைதான் உள்ளே விடுவோம் என்று அந்த ஊர் சர்க்கார் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. யார் யார் எத்தனை அனுப்பலாம் என்று நம் சர்க்கார் இன்னொரு பூட்டுப் போட்டிருக்கிறது. தாமோதரன் சென்னைக்கும் வீட்டுக்கும் அலைந்து செருப்பைத் தேய்த்தார். "மனுசன் பாஸ்போர்ட்டு வாங்கிடலாம் பெரியவரே, சட்டைக்கு வாங்கறதுதான் கஷ்டம்" என்பார். ஆனால் பத்ரோன் அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு வரி டெலக்ஸ் அடித்தால் போதும், இங்கே நாற்பது மெஷினும் ஓடும், இல்லை நிற்கும். அதற்கு எந்தப் பூட்டும் இல்லை. இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் பெண்கள் பூ வைத்தார்கள். வெளிவாசலில் மறுநாள் லாரிக்குப் போகிற பெட்டிகள் அடுக்கியிருந்தன. எனக்குக் கை சும்மா இருக்குமா? கப்பலுக்குப் போகிற முதல் சரக்கு பொட்டில்லாமல் போவதா? உன் சந்தனம், என் குங்குமம், இரண்டையும் நானே வைத்தேன். குங்குமம் போதவில்லை. ராஜம் ஆரத்திக்குக் கரைப்பது போல மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டுச் சிவக்கக் குழைத்துச் சேர்த்துக்கொண்டேன். நாலு மூலைக்கும் தாராளமாக, நடுவில் இன்னும் பெரிதாக ஒன்று. நீ இல்லாத குறை தெரியக்கூடாது அல்லவா?

பூஜைக்கு வந்திருந்த ராஜம்கூடச் சொன்னாள், "ஒரு பொட்டு வச்சா போதாதா? பெட்டிக்கு இன்னா கல்யாணமா?"

நாம் பொட்டு வைத்தது சாக்கு சுற்றிய பேல் மச்சான். உள்ளே இருந்தது நீலத் துணி. ஒரு குடம் குங்குமத்தைக் கொட்டினாலும் தெரியாது. இது அட்டைப் பெட்டி. உள்ளே வெள்ளைச் சட்டை. அன்றைக்கு மழை வேறு சாரலடித்தது. இருபது வருஷப் பழக்கத்தில் இருந்த கைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

கப்பல் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் டெலக்ஸ் வந்தது. தாமோதரன் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மெஷின்களை நிறுத்தச் சொன்னார்.

"முதல் பெட்டியில மேல் அடுக்குச் சட்டையில அஞ்சு எடத்துல வட்ட வட்டமா ரத்தக்கறையாம். வேலை செய்யறவங்க காயத்தோட தைக்கிறாங்களா, அங்க இன்னா நடக்குதுன்னு கேக்கறாரு. பதில் சொல்லி நம்ப வைக்கிற வரைக்கும் அடுத்த ஆர்டரைத் தைக்கக் கூடாதாம். எல்லாரும் கையை நீட்டுங்க!"

நாற்பது பெண்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையை நீட்டினார்கள். ஊசி குத்தாத விரல் தையல்காரியிடம் ஏது? தாமோதரன் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். செல்வியிடம் நின்றார். அந்த முதல் பெட்டிச் சீட்டில் அவள் நம்பர்தான் இருந்தது. அவள் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"நீதானா?"

"இது நேத்து வெங்காயம் அரியும்போது வெட்டிக்கிட்டது முதலாளி. அதுவும் இல்லாம, என் ரத்தம் இன்னா அளவெடுத்து அஞ்சு எடத்துல வட்ட வட்டமா வுழுமா?"

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல. யாரையாவது நிறுத்திட்டேன்னு காட்டினாத்தான் அந்தாளு நம்புவான். நாளையிலேர்ந்து நீ வராத."

நான் கேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வட்ட வட்டமாக, அஞ்சு இடத்தில். கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

"முதலாளி, அது ரத்தமில்லீங்க. பொட்டு."

"இன்னா பொட்டு?"

"பூஜைப் பொட்டு. நான்தான் வச்சேன்."

தாமோதரன் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "யோவ் பெரியவரே! நாடு விட்டு நாடு போற சட்டைக்கு ஆரத்தி எடுத்தியாய்யா நீ?"

முதலில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் நாற்பது பேரும். தாமோதரனும் சிரித்திருப்பார், பயம் அவரை விடவில்லை. உடனே ஓடிப்போய், அது ரத்தமில்லை, சாமிப் பொட்டு என்று டெலக்ஸ் அடித்தார். மறுநாள் பதில் வந்தது. சாக்குச் சொல்ல வேண்டாம், ஆதாரம் வேண்டும் என்று. அதுவரை செல்வியும் வர வேண்டாம் என்றார் தாமோதரன்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? ஏற்றுமதிக்குச் சீட்டுக் கொடுத்த அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். காகிதத்தைப் படித்துவிட்டு, "சட்டையை அனுப்ப அனுமதி கேட்டீங்க, குடுத்தோம். அவரு வாங்க மாட்டேன்னா சர்க்கார் இன்னா செய்யும்? குங்குமத்துக்குச் சர்டிபிகேட் குடுக்க எங்ககிட்ட ஃபாரமே கிடையாதே" என்றாராம். பார்த்தாயா மச்சான்? நீயும் நானும் எந்தச் சர்க்கார் பெரியது என்று இரண்டு மாதம் சண்டை போட்டோம். ஒரு பொட்டுக்கு முன்னால் இரண்டுமே கையைக் கட்டிக்கொண்டு நின்றன.

மெஷின் நின்று நாலு நாள் ஆயிற்று. செல்வி வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது.

ராஜம்தான் வழி சொன்னாள். "ஏன் இப்படிக் கன்னத்துல கை வச்சிக்கினு உக்காந்திருக்க? ஆரத்தித் தட்டுல எலுமிச்சம்பழம் புழிஞ்சா இன்னா ஆவும்? செவப்பு போயி மஞ்சளாத் திரும்பிடும். ரத்தம் திரும்புமா? அந்தப் புள்ள பிலிப்புக்கு எழுதிப் போடேன். இன்னாத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போற?"

அதுவரை நான் சிலேட்டிலும் நோட்டிலும்தான் எழுதியிருந்தேன். ஒரு மனிதருக்கு எழுதியதில்லை. நீல ஏர் லெட்டர் ஒன்று வாங்கினேன். அதில் அடிக்க இடமில்லை, அழிக்கவும் முடியாது. இரண்டு பகல் உட்கார்ந்து எழுதினேன். வேர்வை சொட்டி ஒரு வார்த்தை கலங்கிவிட்டது. எழுதியது இவ்வளவுதான்:

"பிலிப்புக்கு கோவிந்தன் மாமா எழுதுவது. இதை நானே எழுதுகிறேன். அது ரத்தம் இல்லை. உன் அப்பாவும் நானும் பேலுக்கு வைக்கும் பொட்டு. மஞ்சளும் சுண்ணாம்பும். அதன் மேல் எலுமிச்சைச் சாறோ வினேகரோ ஒரு சொட்டு விடு. மஞ்சளாக மாறும். ரத்தம் மாறாது. பத்ரோனுக்குக் காட்டு. செல்விக்கு வேலை போகிறது. மெஷின் நிற்கிறது."

தபால்பெட்டியில் போட்டுவிட்டு அதன் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே விழுந்ததா என்று.

கடிதம் போன இரண்டாவது வாரம் மெஷினை ஓட்டச் சொல்லி டெலக்ஸ் வந்துவிட்டது. செல்வி போய் மறுபடியும் தன் மெஷினில் உட்கார்ந்தாள். எனக்குத் தெருவில் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. முழங்கால் விடவில்லை.

பிலிப்புவின் கடிதம் அதற்கு அடுத்த வாரம் வந்தது. தபால்காரர் பழக்கத்தில் பிரிக்கப் போனார். "குடுங்க சார், நான் படிச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக நூறு வருஷம் படிக்கலாம் மச்சான்.

ஆனால் உள்ளே எழுதியிருந்தது நான் நினைக்காத செய்தி. அவன் எழுதியதை எழுதியபடியே உனக்குச் சொல்கிறேன். நீ அவனைக் கோபிக்கக் கூடாது.

"மாமா, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். பெட்டியைத் திறக்கும்போது நானும் பக்கத்துலதான் இருந்தேன். மேல நாலு மூலையிலயும் பொட்டு, நடுவுல பெருசா ஒண்ணு. பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. சந்தன வாசனை கூட இருந்துச்சு, அப்பா வாசனை மாதிரி. கூட இருந்த மதாம் ஜனீன் ரத்தம்னு கத்தினாங்க. நான் வாயைத் திறக்கல. இங்க தையல் பொம்பளைங்கள்ல பாதிப் பேரை அந்த வாரம்தான் அனுப்பறதா இருந்தாங்க. இந்தக் கறையால பத்ரோன் மனசு மாறினா அவங்க வேலை தப்பிக்குமேன்னு பேசாம இருந்துட்டேன். ஜனீனும் அந்தப் பட்டியல்ல இருந்தாங்க. எனக்கு முதல் கோட்டு குடுத்தவங்க.

"அப்புறம் உங்க லெட்டர் வந்துச்சு. எழுதத் தெரியாத எங்க கோவிந்தன் மாமா எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் எவ்ளோ கஷ்டப்பட்டு வந்திருக்கும். அதைப் பாக்கெட்டுல வச்சிக்கிட்டு என்னால ஒரு நாள் கூட நிக்க முடியல. எல்லாரையும் கூப்பிட்டு, கேன்டீன்லேர்ந்து வினேகர் எடுத்தாந்து, அவங்க முன்னாடியே ஊத்தினேன். பழுப்பா இருந்தது பளிச்சுனு மஞ்சளாச்சு. பத்ரோன் ரெண்டாவது பொட்டுக்கு அவரே ஊத்திப் பார்த்தாரு. மூணாவதுக்கு ஜனீன்."

பாதிப் பேர் போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தான். ஜனீன் போகவில்லை. கனமான குளிர்காலக் கோட்டு அங்கேதான் தைக்க வேண்டுமாம், அதற்குச் சிலரை வைத்துக்கொண்டார்களாம். அவன் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஜனீனுக்குப் புரிந்துபோனதாம். ஒரு சட்டையின் காலரை உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைத் தைத்தவள் பெயர் என்ன என்று கேட்டாளாம்.

இதைப் படித்த அன்று சாயங்காலம் வரை எனக்குக் கோபம். செல்விக்கு வேலை போவது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தானே? அப்புறம் யோசித்தேன். செல்வி மாட்டிக்கொண்டது அவனுக்கு என் கடிதத்தில்தான் தெரியும். அதற்கு முன் அவன் கண்ணெதிரே நின்றவள் ஜனீன். கண்ணெதிரே நிற்பவளுக்காக ஒருவன் பேசாமல் இருந்தால் அது துரோகமா மச்சான்?

பேசாமல் இருந்தபோது அவன் எந்த நாட்டுக்காரன்? வினேகர் ஊற்றியபோது எந்த நாட்டுக்காரன்? உன் கையெழுத்தால் அவன் பிரான்சுக்காரன். அவனால் என் மகளுக்கு வேலை வந்தது. என் மகளால் அவன் ஊர்ப் பெண்களுக்கு வேலை போனது. இதில் எந்த நாடு ஜெயித்தது? நீயே ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனாய். நான் அதற்குப் பதில் கண்டுபிடிக்காமல் இன்னும் நாலு கேள்வி சேர்த்துவிட்டேன்.

செல்வியிடம் சொன்னேன். "அந்தம்மா பேரு இன்னா சொன்ன?" என்றாள். ஜனீன் என்றேன். மறுநாளிலிருந்து கம்பெனியில் காலர் முனை சரியாக வராத பெண்களிடம், "இன்னாடி இது? ஜனீன் பார்த்தா சிரிப்பா" என்கிறாளாம். இங்கே எல்லோருக்கும் இப்போது ஜனீனைத் தெரியும்.

இன்னும் மலிவாக வேறொரு நாட்டில் தைக்கிறார்கள் என்று பத்ரோன் ஒருமுறை எழுதியிருந்தாராம். தாமோதரனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. செல்வி என்ன சொன்னாள் தெரியுமா? "போவட்டுமே. அங்க ஒருத்தி என் காலரைப் புரட்டிப் பார்ப்பா இல்ல, அப்ப தெரியும் அவளுக்கு." துணிச்சலா, பயத்தை மறைக்கிற பேச்சா, எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவளும் மற்றப் பெண்களும் வெள்ளிக்கிழமைதோறும் சங்கம் வைப்பது பற்றிக் கூடிப் பேசுகிறார்கள். உன் பழைய மில் யூனியன் கதைகளை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், நீ சொன்ன மாதிரியே.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தாமோதரன் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். பெண்கள் எல்லோரும் என்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, படிங்க" என்றார்கள். கைகட்டி நின்று, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தேன்: "பொட்டு மெஷினுக்கு மட்டும். பெட்டிக்குக் கிடையாது." என் வாழ்க்கையில் நான் படித்த முதல் அறிவிப்பு, எனக்காகவே எழுதப்பட்டது. நாற்பது பேரும் கைதட்டினார்கள். மறுநாள் பெட்டியைத் தொடவில்லை. மிச்சமிருந்ததையெல்லாம் தாமோதரன் நெற்றியில் வைத்துவிட்டேன்.

பேனாவில் மையும் தீர்கிறது, விரலும் மரத்துவிட்டது. இதை எழுதப் பதினோரு நாள் ஆகியிருக்கிறது. கடைசிச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். பிலிப்பு வருகிறான். வினேகர் ஊற்றிய அந்தச் சட்டைகளில் ஒன்றை ஜனீன் தனக்கு என்று வைத்துக்கொண்டாளாம். இன்னொன்றை எனக்குக் கொண்டுவருகிறான். பிரான்சுக்குப் போய்த் திரும்பி வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகில் மஞ்சள் வட்டத்தோடு உன்னைப் பார்க்க வருவேன். சிரிக்காதே.

வரும்போது சந்தனக் கிண்ணத்தையும் கொண்டுவருகிறேன். உன் கல்லறைச் சிலுவைக்குப் பிலிப்பு சந்தனம் வைக்கட்டும். உன் அப்பாவின் காலை அவன் போய்த் தேடியிருக்கிறானா, அந்த ஊர் மண்ணில் எங்கே இருக்கிறது என்று உன் முன்னாலேயே கேட்கிறேன். அவன் சொல்வதையும், நீ சொல்லாததையும் வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். இந்தத் தடவை பதினோரு நாள் ஆகாது, பார்.

குங்குமம் மட்டும் கொண்டுவர மாட்டேன் மச்சான். உன் கல்லறைக்கு இப்போதுதான் புதிதாக வெள்ளையடித்திருக்கிறோம். மழைக்காலம் வேறு.

சந்தனத்துக்கு நீ, குங்குமத்துக்கு நான் என்று இருந்த
உன் தங்கச்சி புருஷன்,
கட்டைவிரல் வைக்காமல் கையெழுத்துப் போடும்
கோவிந்தன்